நாற்பதுக்கு மேல் போகமாட்டோம்

நேற்று பள்ளிகொண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி என்னைத் தாண்டிப் போயிற்று. தாண்டும்போது அதன் கிளீனர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "யம்மா, ஓட்டறியா, தள்ளிக்கினு போறியா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் லாரி போய்விட்டது. எனக்கு அதுதான் வருத்தம். பதில் நாக்கு நுனியில் இருந்தது.

நான் நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன். ஆறு வழிச் சாலையில், இடது ஓரமாக, நாற்பது. வண்டியில் கோளாறு இல்லை, எனக்கும் கண் நன்றாகவே தெரிகிறது. என் காரின் என்ஜினைப் பிரித்து வேலை செய்து ஒன்பது நாள்தான் ஆகிறது. உள்ளே சிலிண்டரும் புது பிஸ்டன் ரிங்கும் ஒன்றோடொன்று உரசிப் பழகும்வரை வண்டியை மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ரன்னிங் இன் என்று பெயர். தமிழ் பேசுகிற வீட்டிலும் உருது பேசுகிற வீட்டிலும் அதே பெயர்தான்.

இப்போது இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தவர், "மேடம், இந்த வண்டிக்குப் போயி என்ஜின் வேலையா? குடுத்துட்டு வேற எடுத்துக்கோங்க" என்றார். அண்ணன் மகன், "அத்தை, இப்ப வர்ற வண்டியெல்லாம் ஷோரூம்லேர்ந்தே நூறுல போலாம்" என்றான். போகட்டுமே, யார் வேண்டாமென்றார்கள்? நான் கேட்கவில்லை. ஒரு ஷெட்டில் கொடுத்துப் பிரித்து, கடைந்து, மறுபடி பூட்டி வாங்கினேன். பின் கண்ணாடியில் ஒட்ட 'ரன்னிங் இன்' ஸ்டிக்கர் வேண்டுமென்று வேலூர் லாங் பஜாரில் கேட்டால், ஸ்டிக்கர் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமி இருக்குது, அம்மா ஆசி இருக்குது, உள்ள கொழந்தை இருக்குதுன்னு எழுதுனது இருக்குது. இது இன்னாதுமா?" நின்ற இடத்தில் சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் விளக்கிச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக வெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குப் பின்னால் ஒரு கைவண்டிக்காரர் வழி கிடைக்காமல் நின்று முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டார்.

அறுபது வயதில் எதற்கு இந்த வீம்பு என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். என் அண்ணன் எங்கள் சொந்தக்காரர்களிடம் முப்பத்தைந்து வருஷமாக ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒருமுறை காரில் வரும்போது பள்ளிகொண்டா பக்கத்தில் அம்மாவுக்கு வாந்தி வந்தது, அதனால் நடு ரோட்டில் இறங்கினாள் என்று. போன மாதம் ஒரு வளைகாப்பில்கூடச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு வாந்தி வரவில்லை. அன்று அந்தக் காரில் இருந்தவர்கள் மூன்று பேர். அம்மா போய்விட்டாள், அண்ணன் பொய் சொல்கிறான், மிச்சம் இருப்பது நான்தான்.

வேலை செய்த என்ஜின் முதல் சில நாள் ஒரு வாசனை விடும். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கேஸ்கெட்டில் தடவின பசை, மேலே அடித்த பெயின்ட், மெக்கானிக்கின் கைபட்ட ஆயில், எல்லாம் சூட்டில் சேர்ந்து வேகிற வாசனை. ஆம்பூரில் பிறந்த எனக்கு வாசனை பற்றிப் பேச உரிமை உண்டு. எங்கள் ஊருக்குள் பஸ் நுழைந்ததும் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். சுண்ணாம்பில் ஊறின தோல், சாயம், ஈரம். நாங்கள் அதில் வளர்ந்தவர்கள், எங்களுக்கு அது வாசனையே இல்லை. ஆனால் சூடான புது என்ஜின் வாசனை வந்தால் மட்டும் என் மூக்கு இன்றைக்கும் விடைத்துக்கொள்ளும். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமையின் வாசனை.

அப்பா வாடகைக் கார் ஓட்டினவர். வயிறு பெருத்த அந்தக் காலத்துக் கார். பெயர் சொல்லவேண்டியதில்லை, அப்போது கார் என்றாலே அதுதான். வேலூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளையும் மெட்ராஸுக்குத் தோல் வியாபாரிகளையும் ஏற்றிக்கொண்டு போவார். அப்பா இருந்தவரை அம்மா அந்தக் காரில் ஏறியது மொத்தம் மூன்று முறை. அண்ணனைப் பெற ஒரு முறை, என்னைப் பெற ஒரு முறை, அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு முறை. மற்றபடி அது வாடிக்கையாளர்கள் உட்காரும் இடம், சீட் அழுக்காகக் கூடாது என்று அவளே தூர நிற்பாள்.

அப்பாவுக்குப் பிறகு கார் தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு வருஷம் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி பின் சீட்டில் முட்டையிட்டது. அதற்குள் அண்ணன் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கெமிக்கல் விற்கும் வேலையில் சேர்ந்திருந்தான். ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் ஸ்கூட்டரில் அலைவான். காரில் போய் இறங்கினால்தான் முதலாளிகள் எழுந்து நின்று பேசுவார்கள் என்று யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். கோழியைத் துரத்திவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு வேலூரில் காதர் பாய் ஷெட்டில் விட்டான்.

காதர் பாய் பேசுவதே கம்மி. ஒரு மாதம் கழித்து வண்டியைக் கொடுத்த அன்றுதான் அவர் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டேன்.

"கேட்டுக்கோங்க. ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பதைத் தாண்டக் கூடாது. மேடு வந்தா கியரை எறக்கிடணும். லோடு ஏத்தக் கூடாது. சும்மா நிறுத்தி வெச்சா ரிங்கு செட் ஆவாது, வாரா வாரம் ஓட்டணும். ஆயிரம் ஆச்சுன்னா நேரா இங்க வாங்க, இந்த ஆயிலை மொத்தமா எறக்கிட்டு வேற ஊத்தணும். எவ்ளோ அவசரம் வந்தாலும் நாப்பதுதான்."

"நாப்பதுல ஓட்டினா எனக்குத் தூக்கம் வந்துடும் பாய்" என்றான் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினான். "நீதான் லைசென்ஸ் வெச்சிருக்கியே. ஞாயித்துக்கிழமை சும்மாதான இருக்க? ஆயிரத்தை ஓட்டி முடிச்சுக் குடு. அப்புறம் வண்டியை நான் எடுத்துக்கறேன்."

லைசென்ஸ் வைத்திருந்தேன், உண்மைதான். பெண்களுக்கு வராது என்று ஒருத்தர் சொன்னதற்காக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து வாங்கினது. வாங்கி ஒரு வருஷமாகப் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. ஓட்டிப் பார்க்க ஒரு வண்டியும் இல்லை, போக ஒரு ஊரும் இல்லை.

நான் அப்போது ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். ஷூவின் மேல்தோலைத் தைக்கும் வேலை. வரிசையாக மெஷின்கள், பின்னால் சூப்பர்வைசர். அவர் கையில் ஒரு ஸ்டாப் வாட்ச். யார் பின்னால் வேண்டுமானாலும் வந்து நின்று அதை அமுக்குவார். ஒரு ஜோடிக்கு இத்தனை நொடி என்று கணக்கு. இரண்டு நொடி ஜாஸ்தியானால் "இன்னாமா, வீட்ல தூங்கலையா?" என்பார். தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, எல்லாவற்றுக்கும் அவர் மனதுக்குள் ஒரு வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும். வாரத்தில் ஆறு நாளும் சீக்கிரம், சீக்கிரம், சீக்கிரம். என் பக்கத்து மெஷினில் ஷமீம். வேகத்தில் அந்த வரிசையிலேயே முதல், வாயிலும் அப்படித்தான்.

மெதுவாகப் போவது என் கடமை என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டார், அதுவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு என்று ஷமீமிடம் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே, "அரே, என்னையும் கூட்டிக்கினு போடி" என்றாள்.

அவள் அப்பா எங்கேயும் விடமாட்டார். ஆனால் மெக்கானிக் சொன்னது என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்கு டாக்டர் சொன்னதற்கு உள்ள மரியாதை உண்டு. "வாரா வாரம் ஓட்டலேன்னா என்ஜின் கெட்டுடும் மாமா, தனியா போவ பயமா இருக்குது" என்றேன். எனக்கா பயம்! அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அடுத்தவர் வீட்டு என்ஜின் தன்னால் கெட்டுப்போவதில் அவருக்கு இஷ்டமில்லை. சரி என்று விட்டார்.

முதல் ஞாயிறு அம்மா பின் சீட்டின் ஓரத்தில், மடியில் ஒயர் கூடையோடு, வாடகைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"எங்க போறோம்?"

"எங்கயும் இல்லமா. ஓட்டணும், அவ்ளோதான்."

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல."

அம்மாவுக்குப் புரியவில்லை. கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, அப்புறம் எதற்குப் பயணம்? மாதனூர் தாண்டும்வரை கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்தாள். திரும்பி வரும்போது கண்ணாடியை இறக்கிவிடச் சொன்னாள்.

பின்னால் வருகிறவர்களின் ஹாரன் பொறுக்கவில்லை. ஷமீம் கம்பெனியிலிருந்து தழும்பு விழுந்து ரிஜெக்ட் ஆன தோல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். தையல் வரி போடும் வெள்ளிப் பேனாவால் அதில் எழுதினாள்: 'புது என்ஜின். நாப்பதுக்கு மேல் போகமாட்டோம். ஹாரன் அடித்தும் பிரயோஜனம் இல்லை.' டிக்கியில் கட்டித் தொங்கவிட்டோம். அதற்குப் பிறகு ஹாரன் ஜாஸ்தியாயிற்று, ஆனால் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே அடித்தார்கள்.

அமிர்திக்குப் போனோம். அருவியில் அம்மா கால் மட்டும் நனைப்பேன் என்று இறங்கி, தலைவரை நனைந்து, ஈரப் புடவையோடு சீட்டில் உட்கார மாட்டேன் என்று பாறையில் அரை நாள் காய்ந்தாள். அரக்கோணத்தில் ஷமீமின் அக்கா வீட்டுக்குப் போனோம். ரயிலில் போயிருந்தால் பாதி நேரம். "ரயில்ல வந்திருக்கலாமே" என்று அக்கா கேட்டாள். "ரயிலுக்கு ரன்னிங் இன் இல்லையே ஆபா" என்றாள் ஷமீம்.

ஒரு ஞாயிறு எங்கள் கம்பெனி மேனேஜரே பின்னால் காரில் வந்து மாட்டிக்கொண்டார். எதிரில் வரிசையாக லாரிகள், தாண்ட வழியில்லை. அப்போது ரோடு இரண்டு வண்டிக்குத்தான். குடியாத்தம் பிரிவு வரைக்கும் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, நான் நாற்பதை விடவில்லை. திங்கட்கிழமை கூப்பிட்டனுப்பினார்.

"நேத்து ரோட்ல இன்னாமா, மாட்டு வண்டியா ஓட்டின?"

"நாப்பது சார். வேகத்துக்குத்தான் வாரத்துல ஆறு நாள் குடுத்துட்டோமே."

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. அவர் போ என்று கையைக் காட்டினார். மெஷினுக்கு வந்து உட்கார்ந்து அடுத்த ஜோடியை எடுத்தேன்.

இப்படி ஏழு ஞாயிறு. மீட்டர் கணக்கில் எண்ணூற்று எழுபது கிலோமீட்டர் ஏறியிருந்தது. அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் மீட்டரைத்தான் பார்ப்பான், பிறகுதான் அம்மாவை. "இன்னும் ரெண்டே வாரம்" என்று கையைத் தேய்த்துக்கொண்டான். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கார் அவனுடையது. எனக்கு மறுபடி மெஷின், வீடு, பீரோவில் லைசென்ஸ். ஷமீமுக்கு மறுபடி அப்பா. அம்மாவுக்கு மறுபடி வாசல்படி.

அந்தக் காரில் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டால் ஸ்பீடாமீட்டர் கேபிளின் மரை விரலுக்குத் தட்டுப்படும். கையாலேயே திருகிக் கழற்றிவிடலாம். கழற்றினால் முள் எழும்பாது, கிலோமீட்டரும் ஏறாது. எட்டாவது ஞாயிறு, ஊர் எல்லை தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, ஏதோ விழுந்துவிட்டதுபோல் குனிந்து அதைக் கழற்றினேன். அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

முள் இல்லாமல் நாற்பது என்று எப்படித் தெரியும்? அதைத் தீர்த்தவள் ஷமீம். நாற்பதில் போனால் ஒரு கிலோமீட்டருக்குத் தொண்ணூறு நொடி. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து வாய்விட்டு எண்ணுவாள். எண்பதிலேயே கல் வந்துவிட்டால், "இன்னாமா, வீட்டுக்குப் போவ அவசரமா?" என்று சூப்பர்வைசர் குரலில் கேட்பாள். வாரம் முழுக்க எங்களை விரட்டின நொடிகள் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேலை செய்தன. அவ்வளவு சிரித்திருக்கிறோம்.

ஒவ்வொரு வாரமும் சந்தேகம் வராமலிருக்கப் பத்து கிலோமீட்டர் மட்டும் ஓடவிட்டு, பிறகு கழற்றுவேன். அண்ணனிடம் கம்பெனியில் ஓவர்டைம், மழை, தலைவலி என்று புளுகினேன். அவனோ என்ஜின் மேல் உள்ள பயத்தில் தானும் எடுக்கவில்லை. இன்னும் ஏழு ஞாயிறு போயிற்று. மீட்டரில் எழுபதுதான் ஏறியிருந்தது.

கடைசியில் அவனுக்குப் பொறுமை போயிற்று. "தொள்ளாயிரத்து நாப்பது ஆச்சு, போதும். இந்த ஞாயித்துக்கிழமை பாய்கிட்ட ஆயிலை மாத்திட்டு அப்படியே நான் எடுத்துக்கறேன்." அன்றைக்கு ஷமீம் வரவில்லை, அவள் வீட்டில் ஒரு நிக்காஹ். அம்மா மட்டும் வழக்கம்போல் கூடையோடு ஏறிவிட்டாள். கேபிளை முந்தின நாளே ஒழுங்காக மாட்டிவிட்டேன். வேலூர் வரை நான் ஓட்டினேன், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான்.

காதர் பாய் காரடியில் படுத்து, போல்ட்டைத் திறந்து, பழைய ஆயிலை ஒரு தட்டில் பிடித்தார். வெளியே வந்து விரலில் தொட்டு, கட்டை விரலோடு தேய்த்தார். தட்டை வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சாய்த்துப் பார்த்தார். இவர் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் பிழைத்தேன்.

"எவ்ளோ ஓடியிருக்குது?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பாய்" என்றான் அண்ணன்.

"இது ஆயிரம் ஓடின ஆயில் இல்ல. ரெண்டாயிரத்துக்குக் கிட்ட இருக்கும்." அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மீட்டரை ஏமாத்தலாம்மா. ஆயிலை ஏமாத்த முடியாது."

தட்டை என்னிடம் நீட்டினார். கறுத்த ஆயிலில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. உள்ளே உரசித் தேய்ந்த இரும்பு. ஆயிரத்தில் வெளியேற்றியிருக்க வேண்டியதை நான் கிட்டத்தட்ட இன்னொரு ஆயிரம் உள்ளேயே சுற்றவிட்டிருந்தேன். இத்தனை நாளும் அண்ணனை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாந்தது அந்த வாயில்லாத என்ஜின்தான். அந்த ஒன்றுக்காக மட்டும் எனக்கு வெட்கமாக இருந்தது. மற்றதற்கெல்லாம் இல்லை.

"நீயா?" என்றான் அண்ணன்.

"நான்தான். கேபிளைக் கழட்டிட்டேன்."

"எதுக்குடி?"

"எங்களுக்கும் போவ வேண்டிய ஊரு இருக்குதுண்ணா."

ஷெட் என்றும் பார்க்காமல் கத்தினான். படிப்பு, திமிர், ஷமீம், ஷமீமின் அப்பா, எல்லோரையும் இழுத்தான். காதர் பாய் புது ஆயிலை ஊற்றினார். போனெட்டை மூடும்போது மட்டும் சொன்னார். "இன்னும் முந்நூறு கிலோமீட்டர் நாப்பதுதான். உள்ள தூள் ஒட்டிக்கினு இருக்குது. வேகமா போனா ஜாமாயி நின்னுடும்."

சாவியை அண்ணன் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். நானும் அம்மாவும் பின்னால். வேலூர் தாண்டினதும் மிதித்தான். எழுபது. எண்பது. என்ஜின் வேலைக்குப் பிறகு மீட்டர் முள் அந்த எண்களை அன்றுதான் பார்த்தது. என்ஜின் புதிதாக ஒரு குரலில் கத்தியது, நாங்கள் யாரும் கேட்டறியாத குரல். எனக்கு அழுகை வந்தது. என் காரை என் கண்ணெதிரே அடிப்பதுபோல் இருந்தது.

"நாப்பதுன்னாரு பாய்" என்றாள் அம்மா.

அவன் இன்னும் மிதித்தான்.

"டேய். நாப்பதுன்னாரு."

"சும்மா இருமா. இவ பண்ண வேலைக்கு மீதி இன்னா இருக்குது காப்பாத்தறதுக்கு?"

"நிறுத்து. நா எறங்கணும்."

வண்டி பள்ளிகொண்டாவை நெருங்கியிருந்தது. இரண்டு பக்கமும் புளியமரம், மரத்தடியில் ஒரு டீக்கடை. அவசரம்போல என்று நினைத்து நிறுத்தினான். அம்மா இறங்கினாள். கூடையை எடுத்துக்கொண்டாள், கதவை மெதுவாகச் சாத்தினாள், ஆம்பூர் இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்தாள்.

அண்ணன் முதல் கியரில் போட்டு அவள் பக்கத்தில் ஊர்ந்தான்.

"மா, ஏறுமா. இன்னாமா இது?"

"நீ போ. நா நடந்து வர்றேன்."

"முப்பது கிலோமீட்டர்மா!"

"இருக்கட்டும். நாளைக்கு வருவேன்."

பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இரண்டு லாரி. டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் டம்ளரோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். "பெத்தவளை ரோட்ல நடக்க வுட்டுக்கினு கார்ல போறான் பாரு" என்று ஒருத்தர் சத்தமாகவே சொன்னார். காரில் போய் இறங்கினால்தான் மதிப்பு என்று நம்பியிருந்த என் அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது.

"மா, அவ ரெண்டு மாசமா மீட்டரை ஏமாத்தியிருக்கா! உனக்குத் தெரியுமா?"

அம்மா நின்றாள். "கழட்டச் சொன்னதே நான்தான்" என்றாள்.

அவள் சொல்லவே இல்லை. என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

"வண்டி உங்கப்பனுது. அவரு எனக்கு ஒரு ஊரும் காட்டல. இவ காட்டினா. உனக்கு வண்டி வேணும்னா சம்பாதிச்சு வாங்கு. நான் அதுல ஏற மாட்டேன்னு சொல்ல மாட்டேன், ஏறுவேன். இதை வுட்டுடு."

அண்ணன் வண்டியை நிறுத்தினான். சாவியை உருவி என் மடியில் போட்டான். பிறகு, தவறாக நினைக்காதீர்கள், அவன் கெட்டவன் இல்லை, இறங்கிப் போய் அம்மா கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கூடை அவன் மடியில் இருந்தது.

அம்மா முன் கதவைத் திறந்தாள். அந்தக் காரில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்ததே அன்றுதான். நான் கிளப்பினேன். முள்ளைப் பார்க்கத் தோன்றவில்லை. முதல் கிலோமீட்டர் கல் தாண்டியதும் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்க வராது. ஆனால் ஏழு ஞாயிற்றுக்கிழமை பின் சீட்டில் உட்கார்ந்து ஷமீமின் எண்ணிக்கையைக் கேட்டவள். தொண்ணூறு என்றபோது அடுத்த கல் சரியாக ஜன்னலுக்கு வந்தது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவளுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

கார் பதினொரு வருஷம் எங்களிடம் இருந்தது. காலையில் கிளப்பினதும் என்ஜினில் ஒரு தட்டல் சத்தம் வரும், சூடான பிறகு அடங்கும். கடைசிவரை அது போகவில்லை. காதர் பாய் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னைப் பார்ப்பார், நான் வேறு பக்கம் பார்ப்பேன். அண்ணன் சம்பாதித்து வேறு கார் வாங்கினான். அம்மா சொன்னபடி அதிலும் ஏறினாள், ஆனால் பின் சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்கத் தூங்கினாள். ஷமீம் கல்யாணமாகிப் பெங்களூர் போனாள். இப்போதும் போன் செய்தால் "எவ்ளோலடி போற?" என்றுதான் ஆரம்பிப்பாள். காதர் பாய் இல்லை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

இந்தத் தடவை ஆயிலை ஐநூறிலேயே மாற்றிவிடப் போகிறேன். புத்தி வந்துவிட்டது. நாற்பது மட்டும் மாறாது.

நேற்று அந்தக் கிளீனர் கேட்டுவிட்டுப் போனதும், அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. புளியமரங்களை ரோடு போடும்போதே வெட்டிவிட்டார்கள். டீக்கடை இருந்த இடத்தின் மேலே பாலம் போகிறது. கிலோமீட்டர் கல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், பச்சைப் பலகைதான் இருந்தது. பழக்கத்தில் வாய் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டது, தொண்ணூறில் ஒன்றும் வரவில்லை. ஓரம் முழுக்க இரும்புத் தடுப்பு. நிறுத்தக் கூடாது என்று போர்டு. கீழே இறங்குகிற வழி எங்கே என்று பார்த்தால் சுங்கச்சாவடியையும் தாண்டி எங்கேயோ இருந்தது. பின்னால் ஹாரன்மேல் ஹாரன். நிற்க முடியாமல் போய்க்கொண்டே இருந்தேன்.

அம்மாவுக்கு வாந்தி வரவில்லை, அண்ணா. கோபம் வந்தது, இறங்கினாள். இன்றைக்கு அதே ரோட்டில் ஒருத்திக்குக் கோபம் வந்தால் இறங்க இடமில்லை. அடுத்த வழி வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மா அவ்வளவு தூரம் அடக்கியிருக்க மாட்டாள்.